அன்புக்கு அளவுகோல் வேண்டுமா?

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளர்களின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது பங்குத்தந்தையரின் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில், பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்த தாய் ஒருவரையும் அவ்வாறு சந்தித்து வந்தேன். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருந்தனர். ஒரு நிறுவனத்தின் வழியாக அமர்த்தப்பட்ட இளம்பெண் ஒருத்தி அவ்வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொண்டாள். வீடு துப்புரவாக இருக்கும். திருஇருதய ஆண்டவர் படத்தின் முன் விளக்கு எரியும். கட்டிலில் வெண்ணிற விரிப்பு. நானும் செபித்து, நற்கருணை வழங்கி, "நல்லாப் பாத்துக்கிறம்மா" என்று அப்பெண்ணைப் பாராட்டிவிட்டு வருவேன்.

ஒரு வெள்ளியன்று அந்த அறையில் ஏதோ ஒரு வாடையை உணர்ந்தேன். உணர்ந்தும் கேட்கவில்லை. கண்களை மூடிச் செபத்தைத் தொடர்ந்தேன். அடுத்த முதல் வெள்ளி வருமுன்பே, நோயில்பூசுதல் வழங்க மருத்துவமனைக்கு அழைக்கப்பட்டேன். அத்தாயின் இடுப்புக்குப் பின்புறம், எலும்பு தெரியுமளவுக்குப் படுக்கைப்புண். சில நாள்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியில் பிள்ளைகளின் பாசத்தைப் பற்றி மறையுரை ஆற்றினேன். அந்த வாடையைப் பற்றி எவரிடமும் பேசவில்லை. இன்று பேசுகிறேன்.

இதில் குற்றவாளி யார்? பிள்ளைகள் மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்பினர். நாள்தோறும் தொலைபேசியில் பேசினர். அப்பெண்ணும் கொடியவள் அல்லள். ஊட்டிவிட்டாள், தலைவாரிப் பூச்சூட்டினாள், "பாட்டி, பாட்டி" என்று உருகினாள். ஆனால் தானாகப் புரள முடியாத உடலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பதை எவரும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே அழுந்தும் தசைக்குக் குருதி செல்லாது. சில மணி நேரத்திலேயே கேடு தொடங்கிவிடலாம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், இரவும் பகலும் ஓய்வின்றித் தனித்திருந்த ஒருத்தி நள்ளிரவில் எத்தனை முறை எழுந்திருக்க முடியும்? நிறுவனம் ஆளை அனுப்பியதோடு தன் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டது. ஆக, அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. அன்பு செய்ய வேண்டியது இன்னதென்று வரையறுத்துச் சொல்வார்தாம் இல்லை.

அண்மையில் அன்பியக் கூட்டம் ஒன்றில் இதைக் குறிப்பிட்டபோது, பெரியவர் ஒருவர் கேட்டார்: "பெத்தவங்களைப் பார்க்க விதிமுறை எதுக்குச் சாமி? மனசு இருந்தாப் போதாதா?" எளிதில் ஒதுக்கிவிட முடியாத கேள்வி. விதிகள் பெருகினால் அன்பு வற்றிவிடும் என்ற அச்சம் நம் எல்லாருக்கும் உண்டு. பரிசேயரின் வரலாறும் அதைத்தானே நமக்குச் சொல்கிறது?

ஆனால் நம் முன்னோர் இதை வேறுவிதமாகக் கண்டனர். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, நோயாளியின் அருகிருந்து பணிசெய்பவரையும் ஒரு கூறாக வைக்கிறது. 'உழைச்செல்வான்' என்பது வள்ளுவர் அவருக்குத் தரும் பெயர். இவருக்கு வேண்டிய பண்புகளாகப் பரிமேலழகர் நான்கினைக் கூறுகிறார்: நோயுற்றவரிடம் அன்பு, மனம் மொழி மெய்களில் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு. அன்பு முதலிடத்தில் நிற்கிறது. ஆயினும் அது தனித்து நிற்கவில்லை.

திருச்சபையின் போதனையும் இதனோடு இசைகிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் கையொப்பமிட்ட 'கடவுள் அன்பாய் இருக்கிறார்' என்னும் சுற்றுமடலில், துன்புறுவோருக்குப் பணிசெய்பவர்களுக்குத் தொழில்திறன் அடிப்படைத் தேவை என்கிறார். அதுமட்டும் போதாது, இதயத்தின் உருவாக்கமும் வேண்டும் என்று உடனே சேர்த்துக்கொள்கிறார். நாம் இரண்டாவதையே அடிக்கடி எடுத்துரைக்கிறோம். முதலாவதை மறந்துவிடுகிறோம்.

நல்ல சமாரியர் உவமையையும் இந்தக் கண்ணோட்டத்தில் மீண்டும் வாசிக்கலாம். காயங்களுக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டியதை நினைவில் வைத்திருக்கிறோம். அதன்பின் நடந்தது என்ன? மறுநாள் சமாரியர் தம் வழியே செல்ல வேண்டியிருந்தது. அடிபட்டவரைச் சாவடிப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்து, இரண்டு தெனாரியம் கொடுத்தார். அதாவது, கூலி கொடுத்து ஒருவரைப் பராமரிப்புக்கு அமர்த்தினார். ஆண்டவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆகவே, பெற்றோரைக் கூலியாளிடம் ஒப்படைத்தோமே என்று மனம் குமுறும் பிள்ளைகள் ஆறுதல் பெறலாம். ஆனால் சமாரியர் பணத்தோடு ஒரு வாக்குறுதியும் தந்தார்: திரும்பி வருவேன், கூடுதலாகச் செலவானால் அதையும் தருவேன் என்றார். அந்த வாக்குறுதியில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன. அடிபட்டவரின் நிலையை நேரில் காண்பேன் என்பது ஒன்று. பணிசெய்பவர் நட்டப்பட விடமாட்டேன் என்பது மற்றொன்று. பராமரிப்பின் தரம் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே.

முதலாவதைச் சிறிது விரித்துச் சொல்கிறேன். படுத்த படுக்கையாய் இருப்பவரைத் திருப்பிய நேரமும் மருந்து கொடுத்த நேரமும் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும். குதிகால், இடுப்பு, முதுகு ஆகிய இடங்களின் தோலை நாள்தோறும் பார்க்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும்; ஊட்டியபின் அரைமணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. குளியலறைத் தரை ஈரமின்றி இருக்க வேண்டும். சுவரில் கைப்பிடி, இரவில் வெளிச்சம் வேண்டும். உடல் துடைக்கும்போது கதவு சாத்தப்பட வேண்டும். முதியவருக்கும் நாணம் உண்டு. வங்கி அட்டையும் கைநாட்டும் பராமரிப்பவர் பொறுப்பில் விடப்படலாகாது. இவை சிறியவை போலத் தோன்றும். அத்தாயின் வீட்டில் இவற்றுள் முதல் இரண்டு இருந்திருந்தால், அந்த மறையுரைக்கு அப்போது தேவை இருந்திராது.

இரண்டாவது, பணியாளருக்குரிய நீதி. உறக்கமில்லாத ஒருவரால் பாதுகாப்பான பராமரிப்பு தர இயலாது. பயிற்சி, வார விடுமுறை, இரவுக்கு மாற்றாள், உரிய ஊதியம் ஆகியவை அவருக்குக் காட்டும் இரக்கம் அல்ல. நீதியின்படி தரவேண்டியதை அன்பின் கொடைபோல் தரலாகாது என்று 1965-ஆம் ஆண்டின் பொதுநிலையினர் திருத்தூதுப்பணி பற்றிய சங்க ஏடு தெளிவாக்குகிறது. தீபாவளிக்கும் கிறிஸ்மசுக்கும் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஞாயிறு திருப்பலிக்குச் செல்லக்கூட விடுப்புத் தராத வீடுகளை நான் அறிவேன்.

சட்டம் என்ன செய்கிறது? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளின் கடமையை வலியுறுத்துகிறது. வீட்டிற்கு வந்து பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவு பெறவும், பயிற்சியும் சான்றும் பெற்றவர்களையே அமர்த்தவும் வகைசெய்யும் திருத்த மசோதா ஒன்று 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகாமலே 2024-இல் அந்த மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைச் சிகிச்சையையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் வீடுகளுக்கே கொண்டு வருகிறது, இது நன்று. முதியோர் துன்புறுத்தப்படுவதாக அறிந்தால் 14567 என்னும் எண்ணில் உதவி கேட்கலாம். எனினும், மூடிய கதவுக்குள் நாள்தோறும் நடப்பதைச் சட்டம் ஒன்றே கண்டுவிட முடியாது. உள்ளே சென்று பார்ப்பதற்கு அண்டை வீட்டார் வேண்டும்.

அன்பியங்கள் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. நோயாளரைச் சந்திக்கச் செல்வோர் செபமாலையோடு சில கேள்விகளையும் கொண்டு செல்லட்டும். பாட்டியைக் கடைசியாக எப்போது திருப்பிப் படுக்கவைத்தார்கள்? பார்த்துக்கொள்ளும் பெண் நேற்றிரவு உறங்கினாளா? மாதத்தில் ஒருநாள் அவளுக்கு ஓய்வு கொடுத்து, அவளிடத்தில் நாம் அமர முடியுமா? பங்கில் உள்ள செவிலியர் ஒருவர் அவளுக்கு ஒருமணி நேரம் கற்றுத் தர முடியுமா? இது வேவு பார்ப்பது அன்று. சமாரியர் திரும்பி வருவதற்கு ஒப்பானது.

இப்போதெல்லாம் முதல் வெள்ளியன்று நற்கருணை வழங்கிய பின் உடனே புறப்பட்டுவிடுவதில்லை. கட்டிலருகே உள்ள நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். நோட்டு இல்லாத வீட்டில், பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பெண்ணை நான் பின்னர் சந்திக்கவே இல்லை. புண்ணுக்குக் காரணம் அவளே என்று எல்லாரும் பேசியபோது அவள் அழுதுகொண்டே ஊர் திரும்பியதாகக் கேள்விப்பட்டேன். முதுகுப்புறத்தைப் பார்க்கும்படி அவளிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லாமற்போன அந்தக் கடன் அத்தாய்க்கு மட்டுமன்று, அவளுக்கும் நான் பட்டதே.