விசுவாசமும் விலையும்: உதைபந்தாட்ட வீரரின் கழகமாற்றம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு பாடசாலையிலிருந்து வேறொரு பாடசாலைக்கு மாற்றம் பெற்றுச் செல்லும் ஆசிரியரை எவரும் துரோகி என்று தூற்றுவதில்லை. கூடிய சம்பளம் தரும் வங்கிக்கு மாறும் எழுதுவினைஞரின் உருவப் பொம்மையைத் தெருவில் வைத்து எரிப்பாருமில்லை. ஆயின் உதைபந்தாட்ட வீரனொருவன் தன் கழகத்தை விட்டு இன்னொரு கழகத்துக்குச் செல்லும்போது அச்செயல் தொழில் மாற்றமாக நோக்கப்படாது ஒழுக்கக் குற்றமாகவே நோக்கப்படுகின்றது. போர்த்துக்கல் நாட்டு வீரரான லூயிஸ் பீகோ 2000ஆம் ஆண்டில் பார்சலோனாக் கழகத்தை நீங்கி, அதன் பரம வைரியான ரியல் மட்ரிட் கழகத்திற் சேர்ந்தார். 2002 நவம்பரில் அவர் பார்சலோனா மைதானத்தில் மீண்டும் ஆடியபொழுது பார்வையாளர் கூட்டத்திலிருந்து போத்தல்கள் மட்டுமன்றி ஒரு பன்றித் தலையும் அவரை நோக்கி வீசப்பட்டது. இச்சினம் வெறும் மூர்க்கமா, அன்றி அதனுள்ளே ஓர் அறவுண்மை பொதிந்துள்ளதா என்னும் வினா ஆராய்தற்குரியது.

இவ்வினாவுக்கு விடை காண்பதாயின், கழகமாற்றத்தில் விற்கப்படுவது யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிவடையுமுன் வீரனொருவனை விடுவிக்கும்பொருட்டுப் புதிய கழகம் பழைய கழகத்துக்குக் கொடுக்கும் பணமே மாற்றுத்தொகை எனப்படும். ஏனைய தொழிலாளர் தம் உழைப்பை விற்பர். விலையைத் தாமே பெறுவர். உதைபந்தாட்ட வீரனோ உழைப்பை விற்பவனாக இருக்கும் அதேவேளையில், இரு முதலாளிகளுக்கிடையே கைமாறும் பண்டமாகவும் இருக்கின்றான். ஜேர்மனிய மெய்யியலாளரான கான்ற் 1785இல் வெளியிட்ட தம் ஒழுக்கவியல் நூலில், விலையுடையவை வேறு, மாண்புடையவை வேறு எனப் பகுத்துக் காட்டினார். விலையுடையதொன்றின் இடத்தில் அதற்குச் சமமான பிறிதொன்றை வைத்தல் கூடும். மாண்புடைய மனிதனுக்கு அத்தகைய ஈடு கிடையாது. கழகமாற்றம் இவ்விரண்டையும் ஒரே ஆளிடத்தே கலந்துவிடுகின்றது. நாளிதழில் வீரனின் பெயரும் விலையும் ஒரே வரியில் அச்சாகும்போது வாசகர் எவரும் திடுக்கிடுவதில்லை என்பது சிந்திக்கற்பாலது.

பணம் புகுமுன் விளையாட்டில் விசுவாசம் செழித்திருந்தது என்று கூறுவோர் உளர். அவர்கள் பெரிதும் எடுத்துக்காட்டும் பெயர்களுள் ஒன்று டொம் பின்னி என்பதாகும். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரிற் பிறந்த இவர், நீர்க்குழாய் பொருத்தும் தொழிலைப் பயின்று முடித்த பின்னரே முழுநேர வீரனாகலாம் என்று தந்தையார் வற்புறுத்தியமையால் அத்தொழிலையும் கற்றார். பிரெஸ்டன் நோர்த் என்ட் என்னும் ஒரே கழகத்துக்காக 433 லீக் போட்டிகளில் ஆடி, 1960இல் ஓய்வுபெற்றார். முதற்பிரிவுச் சாம்பியன் பட்டமோ இங்கிலாந்துச் சங்கக் கிண்ணமோ அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் பிரெஸ்டன் மக்கள் அவரைத் தம் நகரின் அடையாளமாகவே போற்றினர்.

ஆனால் இவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1952இல் இத்தாலியின் பலேர்மோக் கழகத் தலைவர் 10,000 பவுண் கையொப்பப் பணமும் வீடும் காரும் தருவதாகக் கூறிப் பின்னியை அழைத்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் வீரனொருவனுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச சம்பளம் வாரத்துக்கு 14 பவுண் மாத்திரமே. பின்னி அவ்வழைப்பைத் தம் கழக நிருவாகத்திடம் எடுத்துச் சென்றார்; நிருவாகம் மறுத்துவிட்டது. அத்துடன் விடயம் முடிந்தது. ஏனெனில், ஒப்பந்தம் காலாவதியான பின்னரும் வீரனின் பதிவைக் கழகமே தக்கவைத்துக்கொள்ளலாம் என்பதே அன்றைய விதி. கழகம் விடுவியாதவிடத்து அவன் வேறெங்கும் ஆடுதல் இயலாது. பின்னியின் உள்ளத்தே தன் ஊர்மீது பற்று இருந்தமையை மறுப்பதற்கில்லை. ஆனால் கதவு பூட்டப்பட்ட வீட்டினுள்ளே இருப்பவன் அன்பினால் இருக்கின்றானா, பூட்டினால் இருக்கின்றானா என்று புறத்தே நிற்பவர் எவ்வாறு அறிவர்? பூட்டு அவனுடைய அன்பை அழிக்கவில்லை. அவ்வன்பு வெளிப்படுதற்குரிய வாய்ப்பையே அழித்தது.

அப்பூட்டை முதலில் அசைத்தவர் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் ஆவார். நியூகாசில் யுனைட்டெட் கழகத்துடன் அவருக்கு ஏற்பட்ட பிணக்குகளுள் வீட்டுப் பிரச்சினையும் ஒன்று. கழகம் கொடுத்த வீடு குடியிருக்கத் தக்கதன்று என்பது அவரது முறைப்பாடு. புதிய ஒப்பந்தத்தில் ஒப்பமிட மறுத்த அவர், ஆட்டத்தைத் துறந்து வேறு தொழில் பார்த்தார். 1960 நவம்பரில் ஆர்சனல் கழகத்துக்கு அவர் விடுவிக்கப்பட்ட பின்னரும் வழக்குத் தொடர்ந்தது. 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், வீரரைத் தக்கவைக்கும் முறை தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற விதத்திற் கட்டுப்படுத்துவது எனத் தீர்ப்பளித்தார். பின்னர் பெல்ஜிய வீரரான ஜோன்-மார்க் பொஸ்மன் ஐந்து ஆண்டுகள் வழக்காடினார். 1995 டிசம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பயனாக, ஒப்பந்தம் முடிவுற்ற வீரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் மாற்றுத்தொகையின்றியே கழகம் மாறும் உரிமை பெற்றனர். அவ்வுரிமையால் பின்வந்தோர் பெருஞ்செல்வம் ஈட்டினர். பொஸ்மனோ தம் ஆட்டக்காலத்தின் சிறந்த ஆண்டுகளை நீதிமன்றப் படிகளிலேயே இழந்தார்.

இத்தீர்ப்புகளுடன் விசுவாசம் மடிந்துவிட்டது என்பது பலரது முறைப்பாடு. உண்மையை நோக்குமிடத்து, விசுவாசத்துக்குப் பொருள் கிட்டியது அப்பொழுதுதான் எனலாம். நீங்கும் உரிமையுடையவன் நீங்காதிருத்தலே விசுவாசமாகும். மகாபாரதத்துக் கர்ணனைக் கண்ணன் அரசுரிமையைக் காட்டி அழைத்தான். குந்தி தாய்மையைக் காட்டி அழைத்தாள். செல்வமும் குடும்பமும் ஒருங்கே ஒரு திசையில் இழுத்தபோதும் துரியோதனனை விட்டு நீங்க அவன் மறுத்தான். செஞ்சோற்றுக்கடன் என்று தமிழ் மரபு போற்றும் இப்பண்பு ஏற்றம் பெறுவது, போவதற்கு அவனுக்கு வழி இருந்தமையாலேயே ஆகும். இங்கு மற்றொன்றையும் மறத்தலாகாது. துரியோதனன் கர்ணனை நல்ல விலை வந்தால் பிறிதொரு மன்னனுக்கு விற்றுவிட ஒருபோதும் எண்ணியதில்லை. கழகமோ வீரனிடம் கர்ணனின் பண்பை எதிர்பார்க்கின்றது. தன்னிடத்தே வணிகனின் உரிமையை வைத்துக்கொள்கின்றது. முழங்கால் முறிந்தவனையும் முதுமை எய்தியவனையும் அது தயக்கமின்றி விடுவிக்கின்றது. அவ்வேளையில் கழகத்தைத் துரோகி என்று அழைப்பார் மிகச் சிலரே.

எனவே விசுவாசம் யாருக்கு உரியது என்னும் வினா எழுகின்றது. 'கழகம்' என்னும் ஒரு சொல்லுள் மூன்று பொருள்கள் மறைந்து கிடக்கின்றன. பங்குகளும் கடன்களும் உடைய வணிக நிறுவனம் ஒன்று. உடன் ஆடுவோரும் பயிற்றுநரும் சேர்ந்த குழு ஒன்று. தலைமுறை தலைமுறையாக மைதானத்துக்கு வரும் மக்கள் கூட்டம் ஒன்று. நிறுவனம் பேசும்போது மக்களின் குரலிற் பேசுகின்றது; கணக்குப் பார்க்கும்போது மட்டும் நிறுவனமாகின்றது. இலண்டனின் விம்பிள்டன் கழகத்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். அக்கழகத்தை ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரத்திலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயர்க்க 2002இல் அனுமதி வழங்கப்பட்டது. வீரன் கழகத்தை விட்டு நீங்குவது போய், கழகமே ஊரை விட்டு நீங்கியது. ஆதரவாளர்கள் அதே ஆண்டில் தமக்கெனப் புதிய கழகமொன்றை நிறுவி அடித்தளப் பிரிவிலிருந்து ஆடத் தொடங்கினர். விசுவாசத்துக்கு உண்மையான உரிமையாளர் யாவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, குடும்பம் பற்றி நோக்குதல் வேண்டும். ஆர்ஜென்ரீனாவின் ரொசாரியோ நகரைச் சேர்ந்த லியனல் மெஸி வளர்ச்சி ஹோர்மோன் குறைபாடு உடைய சிறுவனாக இருந்தார். உருக்காலையொன்றிற் பணிபுரிந்த தந்தையாரால் அச்சிகிச்சைச் செலவைத் தொடர்ந்து தாங்குதல் எளிதாக இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு அவருடைய 13ஆம் வயதிலே பார்சலோனாக் கழகம் அவரை ஏற்றுச் சிகிச்சைச் செலவையும் பொறுப்பேற்றது. தந்தையார் மகனுடன் பார்சலோனாவிலே தங்க, தாயாரும் உடன்பிறந்தாரும் ரொசாரியோவுக்குத் திரும்பினர். ஒரு சிறுவனின் திறமைக்காக ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து வாழ்ந்தது. இவ்வாறு உருவான கடன் செஞ்சோற்றுக்கடன் போன்றதே. ஆயினும் அக்கடன் எப்பொழுது தீரும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. 2020 ஓகஸ்டில் நீங்க விரும்பி மெஸி அறிவித்தல் அனுப்பியபொழுது, தம் மனைவியும் பிள்ளைகளும் அழுததாக அவரே பின்னர் கூறினார். அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழாயிற்று. சம்பளத்தில் அரைப்பங்கைக் குறைத்துக்கொண்டு தங்குவதற்கு அவர் உடன்பட்டார். எனினும் கடனில் அமிழ்ந்திருந்த கழகத்தால் ஸ்பானிய லீக்கின் நிதி விதிகளுக்கமைய அவரைப் பதிவுசெய்ய முடியவில்லை. 2021 ஓகஸ்டில் அவர் கண்ணீருடன் விடைபெற்றார். விசுவாசம் இருந்தது; அதற்கு இடமளிக்கும் கணக்கே இருக்கவில்லை.

குடும்பத்தின் கோரிக்கை நியாயமானது. வீரனின் தொழில்வாழ்வு பெரும்பாலும் 35 வயதுடன் முடிந்துவிடும். அதனுள்ளே அவன் ஈட்டுவதைக் கொண்டே வறிய பெற்றோரும் உடன்பிறந்தாரும் தலைநிமிர்வர். தூரத்து மைதானத்தில் ஒலிக்கும் கரகோஷத்துக்காகத் தாயின் அடுப்பை அணையவிடு என்று கூறுதல் அறமாகாது. எனினும் 'குடும்பத்துக்காக' என்னும் சொல்லும் சில வேளைகளில் வணிகத்துக்குத் திரையாகின்றது. பிரேசில் வீரர் நெய்மாரை 2013இல் பெற்றமைக்காகச் செலவிட்ட 57.1 மில்லியன் யூரோவில் 40 மில்லியன் அவருடைய பெற்றோரின் நிறுவனத்துக்குச் சென்றதாகப் பார்சலோனாக் கழகமே 2014 ஜனவரியில் வெளியிட்டது. தந்தை மகனின் நலன்காப்பவராகவும் விற்பனைத் தரகராகவும் ஒருங்கே நிற்கும்போது, மகன் எவரிடம் ஆலோசனை கேட்பான்? சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2001இல் 18 வயதுக்குட்பட்டோரின் சர்வதேசக் கழகமாற்றத்தைத் தடைசெய்து, விளையாட்டுடன் தொடர்பற்ற காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்ந்தவிடத்து விலக்களித்தது. பிள்ளைக்காகக் குடும்பம் இடம்பெயர்வதா, பிள்ளையை விற்பதற்காக இடம்பெயர்வதா என்று பிரித்தறிய வேண்டிய நிலை சட்டத்துக்கே ஏற்பட்டமை ஈண்டு கருதத்தக்கது.

இதற்கு மறுதலையாக அமைந்தது பிரான்செஸ்கோ டொட்டியின் வாழ்வு. அவர் சிறுவனாயிருந்தபொழுது மிலான் கழகத்தார் வீடு தேடி வந்தனர்; தாயார் மகனை ரோம் நகரை விட்டு அனுப்ப மறுத்துவிட்டார். 1993இல் ரோமாக் கழகத்துக்கு ஆடத் தொடங்கிய அவர் 2017 வரை வேறு கழகத்தின் சட்டையை அணியவில்லை. பொஸ்மன் தீர்ப்பு தந்த சுதந்திரம் முழுவதும் அவருக்கு இருந்தது. ரியல் மட்ரிட்டின் அழைப்பும் இருந்தது. பின்னியின் பற்றை ஐயுறுவோரும் டொட்டியின் பற்றை ஐயுறுதல் இயலாது. ஆயினும் ஓய்வின் பின் கழக நிருவாகத்திற் பணியேற்ற அவர், தம் சொல்லுக்கு அங்கு மதிப்பில்லை என்று கூறி 2019 ஜூனில் பதவி துறந்தார். நிறுவனம் விசுவாசத்தை நினைவிற் கொள்வதில்லை. மக்களே நினைவிற் கொள்கின்றனர்.

அவ்வாறாயின் வீரன் மக்களுக்குக் கடன்பட்டவன் அல்லனா? கடன்பட்டவனே. அவனை வளர்த்த சிறு மைதானங்களுக்கும், ஊதியமின்றிப் பயிற்றிய ஆசான்மாருக்கும், மழையில் நனைந்து நின்ற பார்வையாளருக்கும் அவன் கடன்பட்டவன். இக்கடனின் ஒரு கூறைச் சட்டமே இன்று ஏற்றுக்கொண்டுள்ளது. ஒப்பந்தக் காலத்தினுள் நிகழும் சர்வதேச மாற்றங்களில் மாற்றுத்தொகையின் 5 வீதத்தை, 12 முதல் 23 வயது வரை வீரனைப் பயிற்றிய கழகங்களுக்குப் பகிர்ந்தளித்தல் வேண்டும். ஆனால் நன்றியின் பெரும்பகுதி வீதக் கணக்கில் அடங்குவதன்று. வள்ளுவர் நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தமை, அது வணிகக் கொடுக்கல்வாங்கலினின்றும் வேறானது என்று கருதியமையாலேயே எனலாம். அக்கடன் வாழ்நாள் முழுவதும் ஓரிடத்தில் தங்குவதனால் மட்டும் தீர்க்கப்படுவதுமன்று. உள்ளபோது முழுமையாக ஆடுதல், போகும்போது உண்மையைக் கூறிப் போதல் என்பனவே அதற்குரிய வழிகளாகும்.

இந்நிலையிலிருந்து நோக்குமிடத்துப் பீகோவின்மீது எழுந்த சினத்தையும் பகுத்தறிதல் கூடும். நீங்கப்போவதில்லை என்று அவர் பகிரங்கமாகக் கூறியிருந்தார். சில நாட்களில் நீங்கினார். நீங்கியமை அவரது உரிமை. கூறிய சொல் பொய்த்தமை மக்களுக்கு இழைத்த குற்றம். பன்றித் தலையை வீசியோர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியவில்லை. அவர்தம் துயரில் உண்மை இருந்தது. அதனை வெளியிட்ட முறையில் நீதி இருக்கவில்லை. அச்சினத்தின் ஒரு பங்கேனும் அவரை விலைபேசிய தலைவர்களையும் தரகர்களையும் நோக்கிச் செல்லவில்லை என்பது, விற்கப்பட்டவனே விற்பனைக்கும் பொறுப்பாளியாக்கப்படும் விந்தையைக் காட்டுகின்றது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜொசையா ரோய்ஸ் 1908இல் விசுவாசம் பற்றி எழுதிய நூலில், ஒருவன் தானே மனமுவந்து ஓர் இலட்சியத்துக்குத் தன்னை ஒப்படைத்தல் என்றே அதனை விளக்கினார். மனமுவந்து என்பதே இங்கு உயிர்நாடியாகும். கட்டளையால் வருவது கீழ்ப்படிவு. பணத்தால் வருவது சேவை. பிறப்பால் வருவது உறவு. இம்மூன்றும் வாழ்வுக்கு வேண்டியனவே. விசுவாசமோ இம்மூன்றும் அமையாத இடத்திலும் நிலைத்து நிற்பது. அதனைக் கேட்டுப் பெறும் உரிமை எந்தக் கழகத்துக்கும் இல்லை. கேட்கத் துணிபவர், தம் வீரனின் கால் முறிந்த நாளில் தாம் அவனுக்கு யாது செய்வர் என்பதற்கு முதலில் விடை கூறக் கடமைப்பட்டவராவர்.