ஆரஞ்சு, பிறகு பச்சை

மெட்ராஸ், 1855. தென்னிந்தியாவின் மூலப்பொருள்கள், கலைகள், உற்பத்திப் பொருள்களுக்கான கண்காட்சி.

விளைபொருளுக்கும் செய்பொருளுக்கும் நடுவே 68 புகைப்படங்கள். அதுவரை யாரும் படமெடுக்காத கோயில்கள். எடுத்தவர் லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. காகிதத்தில் எடுத்த காட்சிகளில் இந்த வரிசையே சிறந்தது என்கிறார்கள் நடுவர்கள்.

படத்துக்கென்று தனிக் கூடம் இன்னும் பிறக்கவில்லை. சரக்குகளோடு ஒன்றாக நிற்கிறது படம்.

அந்த நிற்பு பிடித்திருக்கிறது.

*

டிரைப்பின் நெகட்டிவும் காகிதம்தான். மெழுகேற்றிய காகிதம். ஒளி ஊடுருவ மெழுகு.

அந்நாளைய ரசாயனம் நீலத்தையே அதிகம் அறியும். அதனால் வானம் முழுக்க வெளுத்து விழுகிறது. டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகை வைத்து மேகம் தீட்டுகிறார். இலைகளுக்கும் கொஞ்சம் சாயம் தொடுகிறார்.

தஞ்சைப் பெரிய கோயில், 1858. விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டு. 21 படங்களை ஒட்டிய ஒரே நீளம், 19 அடிக்கு மேல்.

அதில் மேகத்துக்கு வேலை இல்லை. கல், எழுத்து, எழுத்தின் நிழல்.

*

கடலூர் சிப்காட். ஏ ஷிஃப்ட் தொடங்க நேரம் இருக்கிறது.

மேற்கே சிதம்பரம் சாலை. கிழக்கே உப்பனாறு. இரண்டுக்கும் நடுவே குழாய்கள், தொட்டிகள், புகைபோக்கிகள்.

மார்கழி மூட்டம் ஆற்றிலிருந்து ஏறி வருகிறது. புகை மேலிருந்து இறங்குகிறது. எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மூக்குக்குத் தெரிகிறது.

ஒரு படகு. துடுப்பு மட்டும் அசைகிறது.

*

பீட்டர் ஹென்றி எமர்சன். இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு. 1886இல் 40 பிளாட்டினப் படங்களோடு ஒரு நூல். நாணல் அறுப்பவர்கள், படகுகள், கலங்கிய நீர்.

கண் நடுவில் மட்டும் கூர்மையாகப் பார்க்கிறது, ஓரங்கள் மங்கலானவை, படமும் அப்படியே இருக்கட்டும் என்கிறார்.

சில ஆண்டுகளில் தன் வாதத்தைத் தானே திரும்பப் பெறுகிறார். கறுப்புக் கரை போட்ட ஒரு சிறு வெளியீட்டில்.

படங்கள் திரும்பப் பெறப்படவில்லை. நாணல் இன்னும் மங்கலாகவே நிற்கிறது.

*

1892, லண்டன். பழைய புகைப்படச் சங்கத்திலிருந்து விலகியவர்கள் ‘லிங்க்டு ரிங்’ என்று கூடுகிறார்கள். மறு ஆண்டு முதல் தங்களுக்கென ஒரு சலோன். லென்ஸ், பிளேட், கருவி வியாபாரம் எதுவும் சுவரில் கிடையாது. படம் மட்டும்.

பம்பாயிலிருந்து ஷாபூர் பெத்வார் போகிறார். அந்தப் பத்தாண்டில் அவர் படங்கள் லண்டன் சுவர்களில் தொங்குகின்றன. பார்சிச் சடங்குகள், மெல்லிய துணி, சாய்ந்த ஒளி.

*

கடலூர் ஓல்டு டவுனில் ஒரு பழைய ஸ்டுடியோ. உள்ளறையில் ஸ்டாண்டு கேமரா. வாகீஸ்வரி. ஆலப்புழையில் செய்தது. தேக்கு மரம், பித்தளைத் திருகுகள், மடிப்பு மடிப்பாகத் துருத்தி.

துருத்தியின் மூலைகளில் துணி ஒட்டியிருக்கிறது. ஒளி கசியாமலிருக்க.

ஸ்டுடியோ பெரியவர் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடிக்கிறார். “பாரும்மா, தலைகீழாத்தான் தெரியும்.”

உள்ளே இருட்டு. தூசி வாசனை. பிறகு, மெல்ல, தேய்த்த கண்ணாடியில் ஒரு தெரு.

மேலே தரை. கீழே வானம். சைக்கிள் ஒன்று வலமிருந்து இடம் போகிறது, சக்கரம் மேலே. சத்தம் துணிக்கு வெளியே கேட்கிறது. கண்ணாடியில் அது கேட்கவில்லை.

திருகைத் திருப்பினால் எதிர்க்கடைப் பலகையின் எழுத்து கூர்மையாகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் கரைகிறது. இரண்டுக்கும் நடுவே ஓரிடம். எழுத்து படிக்க வருவதற்குச் சற்று முன்.

கை அங்கேயே நிற்கிறது.

*

ஜூலியா மார்கரெட் கேமரன் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் தந்த மரப்பெட்டி. ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு பெட்டிகள். கண்ணாடிப் பிளேட், 11 அங்குலம், 9 அங்குலம். ஈரம் காய்வதற்குள் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, எடுத்து, கழுவி முடித்துவிட வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும்.

கோழிக்கூடு அவருக்குக் கண்ணாடி வீடு. கரி அறை இருட்டறை. விரல்கள் கறுத்தபடி.

முகம் அழகாகத் தெரியும் கணத்தில் ஃபோகஸை நிறுத்திவிடுகிறார். மேற்கொண்டு திருகுவதில்லை. பிழை என்கிறார்கள் அன்றைய சங்கத்தார். அவர் இறந்த பிறகு அதையே முன்மாதிரி என்கிறார்கள் சலோன்காரர்கள்.

*

அவர் பிறந்தது கல்கத்தா. 1875இல் இலங்கைக்கு வருகிறார், கணவரின் காப்பித் தோட்டங்களுக்கு. அங்கே எடுத்தவற்றில் மிஞ்சியவை கொஞ்சம். வீட்டில் வேலை செய்தவர்கள். தோட்டத்தில் உழைத்தவர்கள். பலரும் தமிழர் என்று முகம் சொல்வதுபோல் இருக்கிறது. முகத்தை நம்பிச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் அவர் எடுத்தவர்களுக்குப் பெயர் உண்டு. டென்னிசன். ஹெர்ஷல். டார்வின்.

இலங்கையில் 1878இல் ஒரு படம். களுத்துறைக் குடியானவர்கள். சிறுமிக்கு 12 வயது என்று குறிப்பு. முதியவர் தன்னை அவள் தகப்பன் என்கிறார், தன் வயது நூறு என்கிறார் என்றும் குறிப்பு.

வயது இருக்கிறது.

சிறுமியின் கண் லென்ஸைப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. மறுபடி பார்த்தால் பார்ப்பதுபோலவும்.

*

1877. கேமரன் இலங்கையில் இருக்கிறார். அதே ஆண்டு கொழும்பில் ஒரு குழந்தை. தகப்பன் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயப் பெண். குழந்தை ஆனந்தா.

வளர்ந்ததும் முதலில் அவருக்குக் கல்தான் தொழில். கனிமங்களை உடைத்து, கரைத்து, எடைபோட்டு. 1904இல் தோரியனைட் என்ற புதுக் கனிமம்.

பிறகு சிலைகள். பிறகு சிவ நடனம் பற்றிய நூல், 1918. தில்லையை எழுதிய கை, அமிலத்தில் கல்லைக் கரைத்த கை.

சிப்காட் வேலையில், சோதனைக்கூடத்து மேசை முன் அது அடிக்கடி நினைவில் வருகிறது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

*

குமாரசுவாமி பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியப் பிரிவைக் கவனிக்கிறார். நியூயார்க்கில் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நண்பர்.

1924. குமாரசுவாமி கேட்டதற்கிணங்க ஸ்டீக்லிட்ஸ் 27 படங்களை பாஸ்டனுக்குத் தருகிறார். தானே தேர்ந்து, தானே அட்டையில் ஏற்றி. புகைப்படத்தைக் கலையாக உள்ளே எடுத்த முதல் சில அமெரிக்க அருங்காட்சியகங்களில் ஒன்றாகிறது பாஸ்டன்.

அங்கே கதவைத் திறந்தவர் தமிழ்த் தகப்பனின் பிள்ளை. இதை எழுதும்போது மனசு கொஞ்சம் உயர்கிறது. உயரட்டும். பிறகு இறங்கும்.

*

ஸ்டீக்லிட்ஸின் கேமராக்கள். 1893 பிப்ரவரி 22, நியூயார்க்கில் பனிப்புயல். கையில் பிடிக்கும் சிறு பெட்டிக் கேமரா, இரவல். ஐந்தாம் அவென்யூவில் மூன்று மணி நேரம் நிற்கிறார். ஒரு குதிரை வண்டி வந்து சேரும்வரை.

ஒருவர் நிற்கிறார். பனி விழுகிறது. வண்டி இன்னும் வரவில்லை.

இந்த மூன்றில் எது படம்.

*

1905 நவம்பர். ஐந்தாம் அவென்யூ, 291ஆம் எண். மாடியில் ஸ்டீக்லிட்ஸின் கூடம், சின்னஞ்சிறு அறைகள். சுவரில் சணல் துணி, மங்கிய நிறங்களில். நடுவே ஒரு பித்தளைப் பாத்திரம். படங்கள் வரிசையாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே தாராளமாக வெற்றிடம்.

அதற்கு முந்தைய கண்காட்சிகளில் சட்டத்தோடு சட்டம் இடித்துக்கொண்டு, தரையிலிருந்து கூரை வரை. இங்கே சுவருக்கும் மூச்சு.

*

மங்கல் லென்ஸிலிருந்தும் வருகிறது. லென்ஸில் ஒளி ஒரே புள்ளியில் கூடாமல் கொஞ்சம் சிதறும். அதைத் திருத்தத் தொழிலாளர்கள் பல தலைமுறையாகக் கண்ணாடி இழைக்கிறார்கள். மங்கலைத் தேடும் படக்காரர்களோ திருத்தாத லென்ஸைக் கேட்டு வாங்குகிறார்கள். 1896இல் லண்டன் டால்மேயர், பிறகு பாஸ்டன் பிங்கம் ஸ்மித். சிதறலை அளவாக விட்டுவைத்த லென்ஸுகள். விளக்கைச் சுற்றி ஒரு வட்டம். நெற்றியின் ஓரத்தில் பூ மாதிரி ஒளி.

எட்வர்ட் ஸ்டைக்கன் முக்காலியைத் தட்டிவிடுகிறார், முதலில் தெரியாமல். லென்ஸில் மழைத்துளி, அதுவும் தெரியாமல். பிறகு தெரிந்தே.

*

1902. ஸ்டைக்கன் சிற்பி ரோடினை எடுக்கிறார். அறை சிறியது, சிலைகள் பெரியவை, லென்ஸில் அத்தனை அகலம் இல்லை. இரண்டு நெகட்டிவ்கள். ஒன்றில் ரோடினும் வெள்ளைச் சிலையும். இன்னொன்றில் ‘சிந்தனையாளன்’ சிலை. இரண்டையும் ஒரே தாளில் சேர்க்கிறார். எதிரெதிரே இரண்டு இருட்டுருவங்கள்.

1913. அதே ரோடின், சென்னை அருங்காட்சியகத்து நடராஜரைப் பற்றி எழுதுகிறார். எதிரில் வெண்கலம் இல்லை. வெண்கலத்தின் புகைப்படங்கள்.

*

சிதம்பரம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, பஸ்ஸில்.

பொன்னம்பலத்தில் திரை. விலக்குகிறார்கள். பொன் வில்வ இலைகள், அவற்றுக்குப் பின்னால் வெளி. திரை விழுகிறது. கூட்டம் நகர்கிறது.

கேமராவுக்கு அங்கே அனுமதி இல்லை.

ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் மேகங்களை எடுக்கிறார். பெரும்பாலும் தரை இல்லை, மரம் இல்லை, அடிவானம் இல்லை. எந்தப் பக்கம் மேல் என்று சொல்ல முடியாத படங்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியாயிற்று. இடையே கோடு போடவில்லை.

*

புகையை அவர்கள் எவ்வளவு நேசித்தார்கள். 1902இல் ஸ்டீக்லிட்ஸ், ரயில் யார்டுக்குள் கரும்புகையோடு வரும் எஞ்சின். 1910இல் ஆல்வின் லாங்டன் கோபர்ன், பிட்ஸ்பர்க் ஆலைகள்.

அந்தப் படங்கள் அழகு. பார்க்கும்போது உடம்பே அமைதியாகிறது.

சிப்காட் பக்கத்துக் குடிகாட்டில் ஒரு பெண் மாலையில் ஜன்னலைச் சாத்துகிறாள். நெயில் பாலிஷ் மாதிரி நாற்றம் என்கிறாள். சில நாள் அழுகிய முட்டை.

படத்தில் நாற்றம் விழுவதில்லை. இரண்டும் உண்மையாகவே இருக்கின்றன.

*

2004. சிப்காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் காற்றைப் பிடிக்கிறார்கள்.

மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. உள்ளே ஒரு பை. வாளிக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் பை விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்கிறது. சில நிமிடம். வால்வை மூடுகிறார்கள். பை ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. திரும்பி வருவது ரசாயனப் பெயர்களின் பட்டியல்.

நோட்டில் தேதி, நேரம், காற்று வீசும் திசை, என்ன வாடை.

ஒரு பெட்டி. ஒரு திறப்பு. கணக்கான நேரம். பிறகு மூடுவது.

*

சோதனைக்கூடம். கழிவுநீரில் சிஓடி, அதாவது வேதி ஆக்சிஜன் தேவை, பார்க்க வேண்டும்.

குடுவையில் மாதிரி நீர். பொட்டாசியம் டைக்ரோமேட், ஆரஞ்சு. கந்தக அமிலம், அதில் கரைத்த வெள்ளி சல்பேட். 150 டிகிரி, இரண்டு மணி நேரம்.

நீரில் அழுக்கு மிகுந்தால் ஆரஞ்சு பச்சையாகிறது. அழுக்கு எவ்வளவோ அவ்வளவு பச்சை.

ஆறட்டும். ஃபெரோயின் இரண்டு மூன்று சொட்டு. பியூரெட்டிலிருந்து துளித் துளியாக. நீலப்பச்சை, நீலப்பச்சை, நீலப்பச்சை. ஒரு துளியில் செம்பழுப்பு.

அந்தத் துளிக்கு முன் மூச்சு தானாக நிற்கிறது.

*

டைக்ரோமேட் ஒளிக்கு மாறுகிறது என்று 1839இல் கண்டவர் முங்கோ பாண்டன். அதைக் கொண்டு சாயத்தில் படம் செய்யும் வழியை 1855இல் தருகிறார் பாட்டெவின். மெட்ராஸ் கண்காட்சியின் அதே ஆண்டு. 1890களில் பாரிஸில் ராபர்ட் டெமாஷி அதை மறுபடி கையிலெடுக்கிறார்.

வேலம்பிசின். சாயத்தூள். டைக்ரோமேட். மூன்றையும் குழைத்துத் தாளில் பூசுவது. இருட்டில் காயவிடுவது. நெகட்டிவை மேலே வைத்து வெயிலில்.

வெயில் பட்ட இடத்தில் ஆரஞ்சு மங்கிப் பச்சைக்குத் திரும்புகிறது. பிசின் இறுகுகிறது. தாளைத் தண்ணீரில் கவிழ்த்து மிதக்கவிட்டால், இறுகாத பிசின் சாயத்தோடு உதிர்ந்து இறங்குகிறது. யாரும் தொடவில்லை. படம் தானே வெளிப்படுகிறது.

குடுவையில் அந்த மாற்றத்தைச் செய்வது அழுக்கு. தாளில் செய்வது வெயில். குரோமியம் இரண்டிலும் ஒன்றே.

*

பிளாட்டினத் தாளும் மெல்ல மறைகிறது. முதல் உலகப் போர். வெடிமருந்துக்கு நைட்ரிக் அமிலம், அமிலத்துக்கு வினையூக்கி பிளாட்டினம். படத்தாளில் இருந்தது ஆலைக்குப் போகிறது.

1917. ஸ்டீக்லிட்ஸின் ‘கேமரா வொர்க்’ நிற்கிறது. மொத்தம் 50 இதழ்கள். சந்தாதாரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். முடிவில் நாற்பது பேர்கூட இல்லை.

*

ராணிப்பேட்டை சிப்காட். அங்கே ஒரு குரோமேட் ஆலை இருந்தது. 1990களில் மூடினார்கள். இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு, வெளியில், மழையில். மழைக்குப் பின் நிலத்தில் மஞ்சள் ஓடை.

டெமாஷியின் தாளிலிருந்து இறங்கிய நீரும் மஞ்சள்.

இரண்டு மஞ்சளுக்கும் அளவு வேறு. மிக வேறு. அதை மறந்து எழுதக் கூடாது.

*

பிசின் படம் ஒரு பூச்சில் முழுதாக வருவதில்லை. காயவைத்து, மறுபடி பூசி, அதே நெகட்டிவை மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் வைத்து, மறுபடி வெயில். சிலர் மூன்று முறை. சிலர் ஏழெட்டு. போதும் என்று தாள் சொல்வதில்லை.

வேலம்பிசின் வாங்கி வைத்திருக்கிறது. தாளும். உப்பனாற்று மூட்டத்தில் எடுத்த நெகட்டிவ் ஒன்று இருக்கிறது, துடுப்பும் புகைபோக்கியும் ஒரே சாம்பலில். பூசலாமா என்பது முடிவாகவில்லை. கழுவும் நீரை எதில் பிடிப்பது என்பதும்.

சோதனைக்கூடத்தில் வேலை முடிந்த டைக்ரோமேட் தனிக் கேனுக்குப் போகிறது. கேனின் மேல் பெயர், தேதி, அளவு. பதிவேட்டில் கையெழுத்து. பி ஷிஃப்டுக்காரர் வந்து எண்ணிச் சரிபார்க்கிறார்.