இரண்டடி பின்னே நடந்தவர்கள்

ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் இன்னொருவருக்குத் துணையாகவே நின்று மறைந்தால், அவரை நாம் எதற்காக நினைவுகூருகிறோம்? அவருடைய குணத்துக்காகவா, அல்லது அவர் யார் அருகில் நின்றார் என்பதற்காகவா?

எலிசபெத் மகாராணியாரின் கணவர் எடின்பரோ கோமகன் பிலிப், நூறு வயது நிறைய இரண்டு மாதங்கள் இருக்கையில், 2021 ஏப்ரல் 9ஆம் திகதி காலமானார். முடிதரித்தவருக்குத் துணையாக 69 ஆண்டுகள் இருந்தவர் பிரித்தானிய வரலாற்றில் வேறெவருமிலர். தொற்றுநோய்க் காலமாதலால் விண்ட்சர் ஆலயத்தில் 30 பேரே கூடினர். அவர் விரும்பியபடியே புகழுரை எதுவும் இல்லை. மறு ஆண்டு மார்ச் 29இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெருந்திரளோடு நன்றி வழிபாடு நடந்தது. மனைவியின் பொறுப்புக்காகக் கடற்படைத் தொழிலை விட்டவர், அவருக்கு இரண்டடி பின்னே நடந்தவர் என்று உலகமே போற்றியது. போற்றத்தக்கதே, மறுப்பாரில்லை.

இத்தம்பதியர் 1954 ஏப்ரலில் இலங்கைக்கு வந்தனர். அன்று அவர் இந்நாட்டுக்கும் அரசி. இந்நாட்டுக்குத் தேயிலையால் செல்வம் ஈட்டித் தந்த நம் மலைநாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோரோ, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாகப் பிரஜாவுரிமை அற்றிருந்தனர். கோமகனுக்கும் அரசியலமைப்பில் அதிகாரம் ஏதுமில்லைதான். ஆனால் அவருடைய இரண்டாமிடத்துக்கு மரியாதை இருந்தது. நம்மவர்க்கு வாக்குச்சீட்டுக்கூட இருக்கவில்லை.

அந்த நம்மவருக்குள்ளும் பின்னே நடந்தவள் ஒருத்தி உண்டு. விடியுமுன் எழுந்து, குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மலையேறிக் கொழுந்தெடுத்தாள். அவள் சம்பளத்தைக் கணவனே கைநீட்டி வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. விட்டுக்கொடுக்கப் பதவியுள்ளவர் விட்டுக்கொடுத்தால் தியாகம் என்கிறோம். விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லாதவள் பின்னே நின்றதை என்னவென்பது? தலைவிதி என்று சொல்லிவிடுவது நமக்கு வசதி. நான் அப்படிச் சொல்லத் துணியேன். வேறு வழியில்லாதவள் காட்டிய விசுவாசமும் விசுவாசமே. அதைப் புகழ்ந்துவிட்டு, வழியை அடைத்தவர்களை மறந்துவிடுவதுதான் தவறு.

பின்னே நிற்காத துணைவியும் நம்மிடையே இருந்தார். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரின் மனைவி மீனாட்சியம்மாளைச் சொல்கிறேன். தொழிலாளர் கூட்டங்களில் அவர் முன்னே நின்று பாடுவார், சனம் சேரும், அதன்பின் ஐயர் பேசுவார். தொழிலாளர் நிலையைச் சொல்லும் அவர் பாடல்கள் 1940இல் அச்சிலும் வந்தன. நடேசையர் 1947இல் மறைந்தார். மீனாட்சியம்மாளை அவருடைய துணைவி என்று மட்டும் எழுதி முடித்துவிட எவராலும் இயலவில்லை. பாடல்கள் குறுக்கே நிற்கின்றன.

ஹட்டன் கடைவீதியில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தல்களைப் பார்த்திருப்பீர்கள். இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார், இன்னாரின் மாமியார் என்று உறவுகள் வரிசையாக இருக்கும். முப்பது நாற்பது வருடம் அவள் கொழுந்தெடுத்த மலையின் பெயர் அதில் இருப்பதில்லை.