குறைப்பது யாருடைய பங்கை?

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் திருவனந்தபுரத்தில் இருவர் சந்தித்துக்கொண்டால், மழையைப் பற்றிப் பேசுவதற்கு முன் தேங்காய் எண்ணெயின் விலையைப் பற்றியே பேசினார்கள். ஓராண்டிற்குள் அது இருமடங்காகி, சில்லறைக் கடைகளில் லிட்டர் 500 ரூபாயை நெருங்கியது. சில இடங்களில் தாண்டியது. நாடு முழுவதற்குமான சில்லறைப் பணவீக்கம் அம்மாதத்தில் 2 விழுக்காட்டிற்கும் கீழே இருந்தது. கேரளத்திலோ அது ஏறத்தாழ 9 விழுக்காடு. நாட்டில் எல்லாம் மலிந்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்துவிட்டுச் சாலைக் கடைத்தெருவிற்குச் சென்றவர்கள் வெறுங்கையுடன் திரும்பினார்கள்.

வெளியூர் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே தேங்காய் எண்ணெய் என்பது தாளிப்பதற்கு மட்டும் உரிய பொருள் அன்று. அவியலை இறக்கும்போது பச்சையாக ஊற்றுவது அது; குளிப்பதற்கு முன் தலையில் வைப்பதும் அது. “கடலை எண்ணெய்க்கு மாறிவிடுங்களேன்” என்று சென்னையிலிருந்து உறவினர் கூறுவது எளிது.

அந்நாட்களில் ஓரிரவு, கரமனையில் உள்ள எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். ஓய்வூதியம் ஒன்றே வரவு. மருந்தைக் குறைக்க இயலாது. சமையல் எரிவாயு, மின்கட்டணம் ஆகியவற்றின் விலையை நாம் நிர்ணயிப்பதில்லை. பேத்தியின் பாட்டு வகுப்பை நிறுத்த மனம் வரவில்லை. வரிவரியாகக் கீழே இறங்கிய விரல், வீட்டுவேலைக்கு வரும் சேச்சியின் சம்பளத்தில் போய் நின்றது. வாரத்தில் ஆறு நாள் வருபவரை மூன்று நாள் வரச் சொன்னால் என்ன? இருவரும் உடனே ஒத்துக்கொண்டோம். புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாக உறங்கவும் சென்றோம்.

உறக்கம் வரவில்லை. மற்ற ஒவ்வொரு வரிக்கும் யாரோ ஒருவர் வாதாடினார். அந்த ஒரு வரிக்கு மட்டும் ஏன் எவரும் வாதாடவில்லை? விடை எளியது. வாதாட வேண்டியவர் அந்த அறையில் இல்லை.

அவர் வாங்குவதும் நாம் வாங்கும் அதே எண்ணெய்தான். நாம் லிட்டராக வாங்குகிறோம். அவர் கையில் இருக்கும் காசுக்கு ஏற்பச் சிறிது சிறிதாக வாங்குகிறார். அப்படி வாங்குபவருக்குப் பொருள் எப்போதும் கூடுதல் விலைக்கே கிடைக்கிறது. விலைவாசி எங்களைத் தாக்கியது மாதம் சில நூறு ரூபாய் அளவில். அவரை அது தாக்கியதோடு, நாங்களும் சேர்ந்து அவருடைய வருவாயில் பாதியை எடுத்துவிட இருந்தோம். ஒரு வீட்டின் செலவு இன்னொரு வீட்டின் வரவு என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். ஆயினும் சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது அதை மறந்துவிடுகிறோம். நாங்கள் செய்ய இருந்தது சிக்கனமே அன்று; தலைமேல் இருந்த சுமையை அடுத்தவர் தலைக்கு மாற்றும் வேலை.

“அப்படியானால் கையில் இல்லாதவன் என் செய்வான்? இரக்கம் அடுப்பை எரிக்குமா?” என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வரவு செலவின் அளவறிந்து வாழ்வதைப் பற்றி வள்ளுவர் பேசுவது வலியறிதல் என்னும் அதிகாரத்தில். அது அரசனுக்குரிய பகுதி. அங்கே கொடைக்கும் அளவு வேண்டும் என்கிறார் அவர்; தன்னிடம் உள்ளதை எண்ணிப் பாராத ஒப்புரவு செல்வத்தை விரைவில் அழித்துவிடும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். ஆகவே உண்மையிலேயே இயலாதவர் குறைத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, அந்த நாட்களுக்கு வேறொரு வீடு கிடைக்க வழிசெய்து கொடுப்பது ஒரு முறை. திங்கட்கிழமை வந்து நிற்பவரிடம் “இனி மூன்று நாள் போதும்” என்பது வேறொரு முறை. எங்கள் நிலை இயலாமையே அன்று. அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது அது விளங்கிவிட்டது.

அடுத்த பக்கத்தில் இருந்தவை திருமண மொய்கள். அந்த ஆண்டில் நான்கு திருமணங்கள். இரண்டு குடும்பங்கள் எங்களைவிடப் பன்மடங்கு வசதி படைத்தவை. நாங்கள் வைக்கும் மொய்யை அவர்கள் எண்ணிக்கூடப் பார்க்கப்போவதில்லை. எனினும் அந்தத் தொகையைத் தொடுவதற்கு எங்கள் இருவருக்கும் அச்சமாக இருந்தது. நாலு பேர் நாக்கிற்கு அஞ்சினோம். சேச்சியின் மௌனத்திற்கு யார் அஞ்சுவார்கள்?

இவ்விடத்தில் என் தாயாரின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது 1974-ஆம் ஆண்டினுடையது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் எண்ணெய் வள நாடுகள் கச்சா எண்ணெயின் விலையைப் பன்மடங்கு உயர்த்தியிருந்தன. 1974-இல் நம் நாட்டில் விலையேற்றம் 25 விழுக்காட்டைக் கடந்தது. இன்று விலை உயர்ந்தால் எல்லாரும் வரிசையில் நிற்கும் சப்ளைகோ என்னும் கேரள அரசின் குடிமைப்பொருள் நிறுவனம் தோன்றியதும் அதே 1974-இல்தான். அதன் மாவேலிக் கடைகள் வந்தது 1980-இல். அக்கடைகள் இல்லாத காலத்தில், ரேஷன் அரிசியை வைத்து ஏழு பேருக்குச் சோறிட்டார் அம்மா.

அந்தப் புத்தகத்தில் எல்லாச் செலவும் மாதந்தோறும் சுருங்கிக்கொண்டே வருகிறது. காப்பிப் பொடி கால் கிலோ குறைகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு அளந்து கொடுத்த அரிசி, படிக்கணக்கு மாறாமல் கடைசிப் பக்கம் வரை இருக்கிறது. இதைப் படித்துப் பெருமிதம் கொண்டேன். பிறகுதான் அத்தை சொன்னார்: அம்மா அவ்வாண்டில் காப்பியை அடியோடு விட்டிருந்தார், இரவில் பெரும்பாலும் கஞ்சித் தண்ணீர்தான். எங்களிடம், காப்பி குடித்தால் தலை வலிக்கிறது என்றார். நாங்கள் நம்பினோம். அப்பாவும் நம்பினார், அல்லது, நம்புவது வசதியாக இருந்தது.

இதைத் தியாகம் என்று போற்றிவிட்டு நகர்வது நம் வழக்கம். எனக்கு இப்போது அதில் உடன்பாடில்லை. இல்வாழ்வானின் கடமைகளை ஐந்தாக வகுத்த வள்ளுவர், முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என நான்கைச் சொல்லிவிட்டு ஐந்தாவதாகத் ‘தான்’ என்பதையும் சேர்த்திருக்கிறார். கடைசியில் வைத்தார், விட்டுவிடவில்லை. தன்னைப் பேணுவதும் அறத்தின் கணக்கில் ஒரு வரி. ஆறு பேர் அறியாமல் ஒருவர் மட்டும் பட்டினி கிடந்து நடத்தும் இல்லறத்தில், அந்த ஆறு பேரும் தாம் அறியாமலே தவறு செய்தவர்கள் ஆகிறார்கள். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கணக்குப் புத்தகம் அலமாரியில் அனைவர் கைக்கும் எட்டும்படியே இருந்தது.

தென்னை விவசாயியின் பக்கத்தையும் மறக்கலாகாது. தேங்காய் மலிவாக விற்ற ஆண்டுகளில், வேர் வாடல் நோயோடு போராடிய தென் கேரளத்துக் குடியானவருக்குப் பறிகூலிகூட மிஞ்சவில்லை. நாம் அதை நல்ல காலம் என்று எண்ணினோம். 2025-இல் விளைச்சல் குன்றியது. 2024 செப்டம்பரில் பாமாயில் முதலியவற்றின் இறக்குமதி வரியை மத்திய அரசு உயர்த்தியிருந்தது. காங்கேயத்துக் கொப்பரைக்கும் கிராக்கி ஏற்பட்டது. விலை ஏறியபோது நமக்கு வலித்தது. அந்த வலியில் ஒரு பகுதியாவது, நெடுநாள் வேறொருவர் பட்டு வந்தது.

சேச்சி இப்போதும் ஆறு நாளும் வருகிறார். மொய்கள் இரண்டு பாதியாயின. இதுவரை எவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளிதழ்கள் ஒன்றாயின. கோயிலுக்கு ஆட்டோவில் செல்வதை விட்டுப் பேருந்தில் செல்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று கணக்கை உரக்கப் படிக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டோம். முதல் முறை மனைவி படித்து முடித்தபோது, முழங்காலுக்கு அவள் தேய்த்துவரும் தைலம் பட்டியலில் இல்லாததைக் கவனித்தேன்.

“தைலம் எங்கே?”

“வலி இப்போது பரவாயில்லை. இரண்டு மாதமாக வாங்கவில்லை.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை வாங்கி அந்த வரியை நானே எழுதினேன்.