எல்லைக் கதியால்

தொண்டைமானாற்றுப் பாலத்தால் போய் வந்த வாசகரே, கடலேரியின் வாயிலிலுள்ள கதவுகளைக் கண்டிருப்பீர்கள். கடல்நீர் உட்புகாதிருக்க 1950களில் கட்டப்பட்ட தடுப்பணை அது. கதவை இன்று அடைத்தால் நாளைய உப்பு வராது. நேற்றே நிலத்தில் ஊறிய உவர் கழுவுண்டு போகவோ பல மாரிகள் வேண்டும்.

“இனிமேல் செய்யேன்” என்று தீர்மானித்ததும் மனம் மாறிவிட்டதாக எண்ணுகிறோம். இவ்விடயத்தில் யூத மறை வெகு கண்டிப்பானது. மனமாற்றத்தை எபிரேய மொழியில் ‘தெசுவா’ என்பர். திரும்பி வருதல் என்பது பொருள். மறுமொழி என்றும் பொருளுண்டு. யோம் கிப்பூர் எனும் பாவக் கழுவாய் நாள் இறைவனுக்கு எதிரான குற்றத்தைப் போக்கும். அயலானுக்கு இழைத்ததை, அவனைச் சமாதானப்படுத்தும் வரை போக்காது என்கிறது மிஷ்னா எனும் அவர்களது பழைய சட்டத் தொகுப்பு.

1204ல் எகிப்தில் மறைந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு ஓர் உரைகல் வைத்தார். தவறிய அதே சூழ்நிலை திரும்ப வரவேண்டும். ஆசையும் வலுவும் குறையாதிருக்க வேண்டும். அப்போதும், பயத்தாலன்றி, மனந்திரும்பியதால் ஒருவன் விலகினால் அதுவே நிறைவான மனமாற்றம். முதுமையில் இயலாமற் போனபின் திருந்துவதை அவர் தள்ளிவிடவில்லை. சிறந்ததென்று மட்டும் சொல்லவில்லை.

நம்மூர்க் காரியமாகப் பார்ப்போமே. முன்பொருமுறை வேலி அடைத்தபோது உங்கள் கதியால்கள் அயலவர் காணிக்குள் ஒரு முழம் நகர்ந்துவிட்டன. (தாமாகவா நகர்ந்தன?) இப்போது வேலி உக்கிவிட்டது. அயலவர் கனடாவில், கேட்பாரில்லை. காணி விலையோ ஏறிக் கிடக்கிறது. அதே வேலி, அதே ஆசை. கயிற்றை எங்கே பிடிப்பீர்கள்?

பழைய எல்லையிலேயே பிடித்தீர்கள் என வைப்போம். அதுவும் போதாதாம்! பொருளைத் திருப்பிக் கொடுத்தவனும் மன்னிப்புக் கேட்கவேண்டும். மறுத்தால் மூவரை அழைத்துச் சென்று கேட்கவேண்டும். இப்படி மூன்று முறை. அதன் பின்பும் மறுப்பவனே குற்றவாளி. அவர் இறந்திருந்தால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய் அறிக்கையிட வேண்டும். கடனிருந்தால் வாரிசுகளிடம் கொடுக்கவேண்டும்.

திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை நமது திருச்சபையிலும் உண்டு. ஆயினும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதோடு, அயலவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் வெட்கம் தீர்ந்ததென்று நினைப்பவர் நம்மில் பலர். நானும் அப்படி நினைத்ததுண்டு.

கயிறு பிடிப்பது அரைநாள் வேலை. தொலைபேசியை எடுத்து, “அண்ணை, அந்த வேலி...” என்று தொடங்குவதற்குத்தான் நாக்கு எழாது.