குவளையும் குலமும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் சித்திரை வெயில் சாயும் வேளையில் சென்று பாருங்கள். பாலும் கடற்பாசியும் நன்னாரிச் சாறும் கலந்த குளிர் பானத்தைக் கண்ணாடிக் குவளையில் ஏந்தி நிற்போர் பலர். கோயிலில் கும்பிட்டு வந்தவர் ஒருபுறம், பள்ளிவாசலில் தொழுது வந்தவர் ஒருபுறம், எதையும் தொழாத நம்மவர் ஒருபுறம்! பானத்தின் பெயர் ஜிகர்தண்டா. 'ஜிகர்' பாரசீகத்துச் சொல். 'தண்டா' வடக்கத்திச் சொல். இந்தித் திணிப்பை எதிர்க்கும் நாமும் அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. ஏன்? திணிப்பவன் கையில் கோல் இருக்கிறது. தருபவன் கையில் குவளை இருக்கிறது. வந்தது எங்கிருந்து என்று நாக்கு என்றைக்கும் கேட்டதில்லை.

அடுக்களைக்குள் நுழைவோம். குழம்பைச் சிவக்கச் செய்யும் மிளகாய் நம் பாட்டன் கண்ட பயிரா? அன்று. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்கள் பயிரிட்டு வளர்த்தது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தான். அதற்குப் பின்னரே போர்ச்சுகீசியர் வழியாக அது நம் கரை ஏறிற்று. அதுவரை நம் காரம் மிளகு. புதிதாய் வந்ததற்கு மிளகின் பெயரையே சூட்டி, மிளகாய் என்று அழைத்துக்கொண்டோம். தக்காளியும் உருளைக்கிழங்கும், நிலக்கடலையும் கொய்யாவும், முந்திரியும் பப்பாளியும் அந்தக் கண்டத்து வரவுகளே. ஆசாரம் பேசும் வீடுகளில் திதி நாளன்று மிளகாயை விலக்கி மிளகைச் சேர்ப்பார்கள். மறுநாளே மிளகாய் மீண்டும் அடுப்பேறும்! ஒரு நாள் விலக்கும் மறுநாள் விருந்தும் ஆகின்ற இந்த ஆசாரத்தையா அசைக்க முடியாத மலை என்கிறார்கள்?

கடல் கடந்து வந்த காய்க்குத் தீட்டு இல்லை. அடுத்த தெருவிலிருந்து வந்த மனிதனுக்குத் தீட்டு உண்டு. இது என்ன நீதி, தோழர்களே?

தேநீரின் கதையைக் கேளுங்கள். இலை சீனத்துடையது. அதை மலைமேல் ஏற்றியவன் வெள்ளையன். இலங்கையின் காப்பித் தோட்டங்களை 1869 முதல் இலைநோய் பற்றி அழித்தது. 1867-இலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரவில் தொடங்கியிருந்த தேயிலைப் பயிர், காப்பி விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது. பறிக்கும் கைகள் எங்கிருந்து போயின? மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, தஞ்சைச் சீமைகளிலிருந்து! பஞ்சமும் கடனும் பின்னின்று தள்ள, கங்காணி முன்னின்று இழுக்க, நிலமில்லாதவர்கள் போனார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்தவர்கள். தலைமுறை தலைமுறையாய் உழைத்த அம்மக்களை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. 1964-இல் இரண்டு அரசுகள் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டன. சரக்கைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டார்கள்!

அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் நம் ஊர்த் தேநீர்க் கடைக்கு வந்தால் என்ன கிடைத்தது? தனிக் குவளை! கொழுந்தைப் பறித்த கைக்குத் தீட்டில்லை. அதன் சாற்றைக் குடிக்கும் வாய்க்குத் தீட்டாம்! பறித்த கை பட்ட இலையையும் கழுவி எறிய வேண்டும் என்று எந்த ஆசாரவாதியும் சொன்னதில்லை. ஆகவே தீட்டு என்பது பொருளிலும் இல்லை, உடலிலும் இல்லை. ஒருவனை நிற்க வைத்து ஒருவன் உட்கார்வதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இந்த ஏற்பாட்டைத் தமிழகம் தட்டிக் கேட்காமல் இல்லை. சேரன்மாதேவிக் குருகுலத்தின் தனிப் பந்தியை எதிர்த்து 1920-களில் புயல் எழுந்தது. புகைவண்டி நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனியிடம் என்ற முறை 1941-இல் ஒழிந்தது. திருவல்லிக்கேணி உணவு விடுதி ஒன்றின் 'பிராமணாள்' பலகையை எதிர்த்து 1957-இல் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், 1960 பிப்ரவரி 1-ஆம் நாள், கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையருக்குரிய இருக்கைகளில் அமர்ந்து கேட்டது என்ன? காப்பி! மறுக்கப்பட்டும் எழாமல் அமர்ந்திருந்தார்கள். அந்தப் பொறி அந்நாட்டின் தென்பகுதியெங்கும் பரவிற்று.

நாமோ? மேலூர்ச் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், பகுத்தறிவுக் கூட்டம் பேசி முடித்த இரவில், ஒரு கடையில் தேநீர் பருகினோம். நமக்குக் கண்ணாடிக் குவளை வந்தது. நம் வகுப்பில் படிக்கும் சிறுவனின் தந்தை சற்று விலகி நின்றார்; அவருக்குக் காகிதக் குவளை சென்றது. கேட்டால் 'சுகாதாரம்' என்பார்கள். அந்தச் சுகாதாரம் ஏன் ஒரு தெருவாருக்கு மட்டும்? அன்று நாம் கேட்கவில்லை. மேடையில் முழங்கிய நாக்கு, கடை வாசலில் மடங்கிக் கிடந்தது. சிறுவன் நம்மைப் பார்த்தான். நாம் குவளையைப் பார்த்தோம்.

'நாம் யாரையும் ஒதுக்கவில்லையே, குடித்தது மட்டும்தானே' என்று மனம் வாதாடிற்று. அந்த வாதம் நிற்காது. ஒருவர் தள்ளி நிற்பதால்தான் நம் குவளைக்குத் தனி மதிப்பு. அதைக் கையில் வாங்கிய நொடியிலேயே வழக்கத்தில் நாமும் பங்காளி. நாம் கொடுத்த காசு அதற்கு உரம். தீண்டாமை 1950-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அது தண்டனைக்குரிய குற்றம் என்பதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. ஆனால் சட்டம் கடைக்குத் தானாக நடந்து வராது. யாரேனும் அழைத்து வர வேண்டும்.

'பாதிக்கப்பட்டவரே கேட்கட்டும்' என்பாரும் உளர். கேட்டால் நாளைய கூலி போகும். கடனுக்கு அரிசி நின்றுபோகும். நமக்கோ மாதச் சம்பளம் உண்டு, 'வாத்தியார்' என்ற மரியாதை உண்டு. இழப்பு யாருக்குக் குறைவோ, முதல் அடி அவர்களுடையது. அதுவே அறம்.

மீனாட்சி கோயில் கதவு 1939 சூலை 8-ஆம் நாள் திறந்தது. வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட தோழர்களை அழைத்துச் சென்றார். கல் கதவையே திறந்த மதுரைச் சீமையில், ஒரு கண்ணாடிக் குவளை கை மாறுவதா கடினம்?

மறு வாரம் அதே கடைக்குச் சென்றோம். 'அவருக்குக் கொடுப்பதையே எனக்கும் கொடுங்கள். இல்லையேல் எனக்குக் கொடுப்பதை அவருக்கும் கொடுங்கள்' என்றோம். கடைக்காரர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு இரண்டு கண்ணாடிக் குவளைகளைக் கழுவினார். மூன்றாம் நாளும் அப்படியே கழுவுவாரா? நாம் மூன்றாம் நாளும் போனால்தான் தெரியும். போவோம், தோழர்களே!