பன்னிரண்டு நாற்காலிகளில் யார்?

கோர்ட்டு என்றால் நம் சனங்களுக்கு இரண்டு கோர்ட்டு உண்டு. ஒன்று, வாய்தாவுக்கு வாய்தா பஸ்ஸுக்குக் காசு புரட்டிப் போய், கால்கடுக்க நின்றுவிட்டுத் திரும்பி வருவது. மற்றொன்று திரையில் பார்ப்பது. திரைக் கோர்ட்டில் வாய்தா கிடையாது. நன்றாகப் பேசினால் போதும், நீதி கிடைத்துவிடும். 1952-இல் வந்த 'பராசக்தி'யின் கோர்ட்டு வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இந்த நம்பிக்கையை எழுபது வருஷமாக உலகத்துக்கே விற்று வருவது அமெரிக்கத் தொலைக்காட்சி. அங்கே கூடுதலாக ஜூரி உண்டு. பன்னிரண்டு சாதாரண ஆட்கள், அவர்கள் மனசாட்சியே தீர்ப்பு என்பது கதை. இந்த நாடகங்களில் எவ்வளவு நிஜம் என்று கேட்பது சினிமா விமர்சனம் மட்டுமல்ல. நீதி எங்கிருந்து வருகிறது என்று நாம் நம்பப் பழக்கப்பட்டிருக்கிறோம் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

முதலில் சின்னப் பொய்களைப் பார்த்துவிடுவோம். 1957 முதல் 1966 வரை ஓடிய 'பெர்ரி மேசன்' தொடரில் வக்கீல் கேள்வி மேல் கேள்வி போடுவார். கடைசி நிமிஷத்தில் உண்மையான கொலைகாரன் உடைந்துபோய், நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்வான். கோர்ட்டில் காலங்கழித்த எந்த வக்கீலைக் கேட்டாலும் சிரிப்பார். இன்னொரு வேடிக்கை, அந்தத் தொடரின் பெரும்பாலான கோர்ட்டுக் காட்சிகளில் ஜூரியே கிடையாது. நீதிபதி மட்டும் நடத்தும் ஆரம்பகட்ட விசாரணைகள்தான் அவை. 1990-இல் தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்' முதல் பாதியில் போலீஸ், அடுத்த பாதியில் கோர்ட்டு என்று ஒரு மணி நேரத்துக்குள் கைதிலிருந்து தீர்ப்புவரை முடித்துவிடும். நிஜத்தில் அது மாதக்கணக்கு, வருஷக்கணக்கு. ஜாமீன் கட்டப் பணமில்லாதவன் அத்தனை நாளும் உள்ளேயே கிடப்பான்.

பெரிய பொய் வேறு. ஜூரி விசாரணை என்பதே அங்கே அபூர்வம். 2012-இல் அமெரிக்க உச்சநீதிமன்றமே கொடுத்த கணக்கு இது: மத்திய கோர்ட்டுகளில் குற்றவாளி என்று முடிவானவற்றில் 97 சதவீதம், மாநிலக் கோர்ட்டுகளில் 94 சதவீதம், விசாரணையே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை. அரசு வக்கீல் பேரம் பேசுகிறார். விசாரணைக்குப் போய்த் தோற்றால் இருபது வருஷம் கேட்பேன், இப்போதே ஒத்துக்கொண்டால் மூன்று வருஷம் என்பது மாதிரியான பேரம். வீட்டில் பிள்ளைகள், வேலை போய்விட்டது, ஜாமீனுக்கு வழியில்லை. தப்பே செய்யாதவனும் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். இதை எந்த இயக்குநர் ஒரு மணி நேர நாடகமாக எடுப்பான்? வசனம் கிடையாது. ஒரு காகிதமும் ஒரு கையெழுத்தும்தான்.

சரி, மீதியுள்ள சில வழக்குகளாவது நாடகத்தில் வருகிறபடி நடக்கின்றனவா? இங்கேதான் 'ட்வெல்வ் ஆங்ரி மென்' நாடகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரெஜினால்ட் ரோஸ், தானே ஜூரியாக உட்கார்ந்துவிட்டு வந்த அனுபவத்திலிருந்து எழுதியது. 1954 செப்டம்பரில் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது, 1957-இல் சினிமாவானது. அப்பனைக் குத்திக் கொன்றதாக ஒரு சேரிப் பையன் மேல் வழக்கு. பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள். எட்டாம் ஜூரி ஒருவர் மட்டும், பேசிப் பார்ப்போமே என்கிறார். ஒவ்வொருவராக மாறி, கடைசியில் பையன் பிழைக்கிறான். நல்ல நாடகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டாம் ஜூரி தானாக அந்தத் தெருவுக்குப் போய் அதே மாதிரிக் கத்தியை வாங்கிவந்து மேஜையில் குத்தி நிறுத்துகிறாரே, அது சட்டப்படி செய்யக்கூடாதது. ஜூரிக்குத் துப்பறியும் உரிமை கிடையாது. தெரிந்தால் விசாரணையே ரத்தாகலாம். உச்சநீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர், தான் சட்டம் படிக்க உந்துதல் தந்த படம் இது என்று 2010-இல் சொன்னார். கீழ்க்கோர்ட்டில் இருந்தபோது, அந்தப் படத்தில் வருகிற மாதிரி நடந்துகொள்ளாதீர்கள் என்று ஜூரிகளுக்குச் சொல்லி வந்ததையும் அதே பேச்சில் சொன்னார்.

கத்தி கிடக்கட்டும். நாடகம் தொடங்கும்போது பன்னிரண்டு பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். பன்னிரண்டும் வெள்ளைக்கார ஆண்கள். யார் அவர்களை உட்கார வைத்தது, யாரை எழுப்பி வெளியே அனுப்பியது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. யாருடைய உயிர் ஊசலாடுகிறதோ அந்தப் பையன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவனைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள்.

அந்த நாடகம் ஒளிபரப்பான மறு வருஷம், 1955 செப்டம்பர். மிசிசிப்பியில் சம்னர் என்ற சிற்றூர். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த எம்மட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினப் பையனைக் கொன்று ஆற்றில் வீசியதாக இரண்டு வெள்ளையர்கள் மேல் வழக்கு. நாடகத்துக்கு வேண்டிய எல்லாம் அந்தக் கோர்ட்டில் இருந்தது. அரசு வக்கீல் மனசார வாதாடினார். நீதிபதி ஒழுங்காக நடத்தினார் என்று வெளியூர்ப் பத்திரிகைக்காரர்களே எழுதினார்கள். பையனின் பெரிய தாத்தா முறையான மோசஸ் ரைட், ஒரு கறுப்பின விவசாயி, எழுந்து நின்று வெள்ளைக்காரனைப் பார்த்து விரல் நீட்டினார். அந்த ஊரில் அதற்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும். பிறகு அவர் மிசிசிப்பியை விட்டே போகவேண்டி வந்தது. ஜூரி 67 நிமிஷத்தில் விடுதலை என்றது. சில மாதம் கழித்து, 1956 சனவரியில், பணம் வாங்கிக்கொண்டு அந்த இருவருமே நாங்கள்தான் கொன்றோம் என்று ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்கள். மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஏன் இப்படி? ஜூரி வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த மாவட்டத்தில் கறுப்பர்களே பெரும்பான்மை, ஆனால் பட்டியலில் ஒரு கறுப்பரும் இல்லை. பெண்களுக்கு அந்த மாநிலத்தில் ஜூரியாகும் உரிமையே அப்போது கிடையாது. ஆக, வாதம் தொடங்குமுன்பே முடிவுக்கு வழி போட்டாகிவிட்டது. எட்டாம் ஜூரி மாதிரி ஒருவன் அந்தப் பன்னிரண்டு பேரில் இருந்தானா இல்லையா என்பதல்ல கேள்வி. அவன் வரக்கூடிய கதவு எல்லாம் அடைத்திருந்தது.

அது பழைய காலம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு தரப்பு வக்கீல்களும் காரணம் சொல்லாமலே சில ஜூரிகளை நீக்கலாம் என்று ஒரு வழக்கம். 1986-இல் பாட்சன் வழக்கில், நிறத்துக்காக நீக்கக்கூடாது, சந்தேகம் வந்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல், இது போதாது, காரணமில்லாமல் நீக்கும் அதிகாரத்தையே எடுத்துவிடுங்கள் என்று தனியாக எழுதினார். அவர் சொன்னது பலித்தது. மறு வருஷமே ஃபிலடெல்பியாவில் ஓர் உதவி அரசு வக்கீல் இளைய வக்கீல்களுக்குப் பாடம் எடுத்தார், அது வீடியோவாகப் பதிவானது. ஏழைப் பகுதிக் கறுப்பர்களை ஜூரியில் சேர்க்காதீர்கள், நியாயமான ஜூரி நமக்கு வேண்டாம், தண்டிக்கிற ஜூரிதான் வேண்டும் என்பதே பாடத்தின் சாரம். 1997-இல் அது வெளியே வந்தது. அதே 1997-இல் 'ட்வெல்வ் ஆங்ரி மென்' தொலைக்காட்சிக்காக மறுபடி எடுக்கப்பட்டு, கறுப்பின நடிகர்களும் ஜூரிகளாக உட்கார்ந்தார்கள். நாடகத்தில் நாற்காலி கிடைத்துவிட்டது.

மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்பவரை ஒரே வழக்கில் ஆறு முறை விசாரித்தார்கள். ஆறிலும் சேர்த்து, அரசுத் தரப்பு நீக்கியிருக்கக்கூடிய 42 கறுப்பினத்தவரில் 41 பேரை நீக்கியது. ஆறாவது விசாரணையில் நீக்கப்பட்ட ஐந்து கறுப்பர்களிடம் 145 கேள்விகள். ஜூரியில் அமர்ந்த பதினொரு வெள்ளையர்களிடம் மொத்தமே 12 கேள்விகள். 2019-இல் உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்தது, 2020-இல் வழக்கையே கைவிட்டார்கள். இடையில் இருபது வருஷத்துக்கு மேல் சிறை.

தனி மனிதன் ஒருவன் எல்லாரையும் மாற்றுகிறானே, அதற்கும் லூசியானாவில் வழி அடைத்தார்கள். 1898-இல் அந்த மாநில அரசியல் சட்டத்தை மாற்றி, மரண தண்டனை இல்லாத பெருங்குற்றங்களுக்குப் பன்னிரண்டில் ஒன்பது பேர் போதும் என்றார்கள். பிறகு பத்து ஆனது. கறுப்பன் ஒருவன் இருவர் உள்ளே வந்தாலும் அவன் குரல் எடுபடக்கூடாது என்பதே நோக்கம். மரண தண்டனை இல்லாத வழக்காக இருந்திருந்தால், அந்த விதியில் எட்டாம் ஜூரி வாயைத் திறப்பதற்குள் பையன் குற்றவாளி ஆகியிருப்பான். 2020-இல்தான் உச்சநீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. ஏற்கெனவே முடிந்துபோன வழக்குகளுக்கு இது பொருந்தாது என்று 2021-இல் அதுவே சொல்லிவிட்டது.

தோழர்கள் சிலர் கேட்கலாம்: நாடகம் பொய்யாகவே இருக்கட்டும், நம்பிக்கை தருகிறதே, சோட்டோமேயர் மாதிரி ஒருவரை உருவாக்கியதே? நியாயமான கேள்வி. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்ற கொள்கையை அந்த நாடகம் சொன்ன மாதிரி எந்தச் சட்டப் புத்தகமும் சொன்னதில்லை. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அது கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கிறது. நீதி என்பது ஒரு நல்லவன் மனமிரங்கிக் கொடுப்பது என்று. கொடுக்கிறவன் அதே ஆள், வாங்குகிறவன் அதே பேசாத பையன். அந்தப் பையனின் தெருவிலிருந்து ஒருத்தி அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால், யாரும் துப்பறிய வேண்டிய தேவையே குறைந்திருக்கும். அந்த மாதிரிக் கத்தி எங்கே கிடைக்கும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும். அவளுக்குக் கருணை வேண்டியதில்லை, நாற்காலிதான் வேண்டும்.

நம்மிடம் ஜூரி இல்லையே என்பீர்கள். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு இங்கே அது போய்விட்டது. ஆனால் யார் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது, அவர்களை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி ஜூரியோடு போகவில்லை.

அரிசோனா மாநிலம் 2022-இல் காரணமில்லாமல் ஜூரியை நீக்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டது. மார்ஷல் கேட்டு முப்பத்தாறு வருஷம் கழித்து. அதை நடத்தியது நாடகத்தில் வருகிற மாதிரி ஒரே நாளில் மனம் மாறிய பன்னிரண்டு பேர் அல்ல. வழக்கு வழக்காக, யார் நீக்கப்பட்டார்கள், அவர்களிடம் எத்தனை கேள்வி கேட்டார்கள் என்று உட்கார்ந்து எண்ணி எழுதியவர்கள் பலர். அலுப்பான வேலை அது, எந்தத் தொடரிலும் வராது.